வாசலில் மறுக்க ஒருத்தி

அங்கேயே நில், பாணா. படியில் கால் வைக்காதே. யாழை உறையிலிருந்து எடுக்கவும் வேண்டாம். வெயிலில் நரம்பு தளர்ந்துவிடும், நான் கேட்கப்போவதும் இல்லை. உன் பெண்டாட்டி பாவம், அந்தப் புங்க மரத்தடியில் உட்காரட்டும். நாயைப் பார்த்துப் பயப்படாதே அம்மா. கடிக்காது, குரைக்கும். என் வீட்டுக்காரனைத் தவிர இந்த ஊரில் எல்லோரையும் பார்த்துக் குரைக்கும். சோறு போடுகிற என்னைப் பார்த்தும்தான்.

வழி தவறி வந்தாயா? ஆதன் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. நெற்குதிர் உயரமாகத் தெரிகிறதே, அது. நீ எப்போதும் போய் நிற்கிற வாசல் அதுதானே.

என்ன? இங்கேதானா?

யார் அனுப்பியது? கீரனா?

அடடா. என் வீட்டுக்காரனுக்கும் பாணன் கிடைத்துவிட்டான்!

இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியாததா? கட்டினவன் வேறொருத்தி வீட்டுக்குப் போவான். கட்டினவள் கதவைச் சாத்துவாள். அவனுக்குத் திரும்பி வர ஆசை வந்தால் நேரே வர மாட்டான், முகம் இருக்காது. உன்னைப்போல் ஒருவனை யாழோடு அனுப்புவான். அவன் எவ்வளவு வாடிப்போனான் என்று நீ பாடுவாய். அவளுடைய தோழி வாசலில் நின்று மறுப்பாள். போ, வராதே, கதவு திறக்காது என்று நாலு தெருவும் கேட்க மறுப்பாள். ஆதன் வீட்டு வாசலில் அந்த வேலையை நான் செய்தபோது எதிரே நின்றது நீதானே? மறந்திருக்க மாட்டாய். ஆனால் அது நெல்லும் எருமையும் நிறைந்த வீடு. ஆதனுக்கு ஓடியாடி வேலை செய்கிற கீரனுக்கு எதற்குப் பாணன்? இப்போது எருமைக் கொட்டிலில்தானே படுக்கிறான். எருமைகள் பாடவில்லையா அவனுக்காக?

சரி, வந்துவிட்டாய். வந்ததற்குக் கேட்டுவிட்டுப் போ. அவன், 'என்னை வீட்டுக்குள் வரவிடு' என்று சொல்லி அனுப்பியிருப்பான். விடமாட்டேன். அவன் சொன்னதை நீ சொல்லவும் வேண்டாம். என் முகம் தாமரை, அவன் வண்டு என்று ஆரம்பித்தாயானால், அதோ சாய்ந்திருக்கிறதே உலக்கை, அது சும்மா இருக்காது. முதலில் நான் பேசி முடிக்கிறேன்.

குவளையும் ஆதனும் காதலித்த கதையை நீ ஊர் ஊராகப் பாடுகிறாயாமே. எங்கள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில்கூட அதைக் கேட்டுப் பெண்கள் அழுகிறார்களாம். பெயர் சொல்லாமல் பாடுவதுதான் முறை என்பாய். அவன், அவள், அவ்வளவுதான். நல்ல முறை. பெயர் சொன்னால் யாராவது எழுந்து, 'அப்படியெல்லாம் நடக்கவில்லையே' என்று கேட்டுவிடுவார்களே. அதில் தோழி என்று ஒருத்தி வருவாள், எல்லோரிடமும் தூது போவாள். அது நான். எனக்குச் சேந்தி என்று பெயர் இருக்கிறது. பாங்கன் என்று அவனுக்கு ஒரு நண்பன் வருவான், காதல் வேண்டாம் என்று இரண்டு வார்த்தை புத்தி சொல்வான், அப்புறம் காணாமல் போவான். அது கீரன். அவன் காணாமல் எல்லாம் போகவில்லை. போயிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

முதலில் அந்த யானையை எடுத்துக்கொள். உன் பாட்டில் அதற்கு நெற்றியில் புள்ளி இருக்கிறது, தந்தத்தில் ரத்தம் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், கேள். நாங்கள் தினைப்புனத்தில் பரண்மேல் உட்கார்ந்து கிளி ஓட்டிக்கொண்டிருந்தோம். குவளை ஓட்டவில்லை, தலை வாரிக்கொண்டிருந்தாள். ஓட்டியது நான். ஆதன் வந்தான். மார்பில் சந்தனம், தலையில் பூ. வேட்டைக்கு வருகிறவன் சந்தனம் பூசிக்கொண்டா வருவான்? "பெண்களே, என் அம்பு தைத்த யானை ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான். மலையில் ஒரு பெண்ணோடு பேச வேண்டுமென்றால் இவர்கள் எல்லோருக்கும் ஒரு யானை தொலைந்துவிடும். அவனுக்குப் பின்னால் ஒருவன் அம்புக்கூட்டையும் தண்ணீர்க் குடுவையையும் சுமந்துகொண்டு மூச்சு வாங்க நின்றான். அவன் கேட்டான்: "எந்த யானை?"

உண்மையாகவே கேட்டான், பாணா. கண்ணை விரித்துக்கொண்டு. ஆதன் திரும்பி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நான் சிரித்தேன். பரணிலிருந்து விழப்போகும் அளவுக்குச் சிரித்தேன். ஏளனமாகத்தான். இப்படி ஒரு மடையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா பொய் சொல்லக் கிளம்பினான் என்று. உன் பாட்டில் அந்த இடத்தில் அவள் நாணிக் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். குவளை கண்ணையும் பொத்தவில்லை, ஒன்றையும் பொத்தவில்லை. "ஏன்டி சிரிக்கிறாய், அவர் போய்விடப் போகிறார்" என்று என் தொடையில் கிள்ளினாள். கன்றிப்போயிற்று. அதைப் பாடேன்.

அப்புறம் தழையாடை. ஆதன் தளிர்களைத் தொடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான், அதை உடுத்திக்கொள்ளச் சொல்லி நான் அவளிடம் கெஞ்சினேன் என்று பாடுகிறாய். கெஞ்சியதெல்லாம் உண்மை. ஆனால் தளிர் பறித்தது யார்? அசோகந்தளிர் எது, எருக்கிலை எது என்று ஆதனுக்குத் தெரியாது. மரத்தில் ஏறியவன் கீரன். கிளையில் முசுறு கூடு கட்டியிருந்தது. ஒரு கண் மூடிப்போய், உதடு வீங்கி வந்து நின்றான். "என்ன ஆயிற்று?" என்றேன். "எறும்பு" என்றான்.

அவ்வளவுதான். ஒரு பெண்ணோடு தனியாகப் பேச முதல்முதலாக வாய்த்த நாளில் ஒருவன் சொன்ன வார்த்தை அது. எறும்பு.

அளவும் தெரியாது அவனுக்கு. ஒருத்திக்கு வேண்டியதுபோல் இரண்டு பங்கு தளிர் பறித்து, இன்னொரு ஆடையும் தொடுத்து வைத்திருந்தான். "இது மிச்சம்" என்று என்னிடம் நீட்டினான். என் இடுப்புக்கு அது சரியாக இருந்தது. அதற்கு அவன் என்ன செய்வான், மிச்சம்தானே. வீணாகப் போகுமே என்று உடுத்திக்கொண்டேன். வாடுகிறவரைக்கும் உடுத்தினேன். ஒரு பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அதன்பிறகு அவர்கள் இரண்டு பேரும் வேங்கை மரங்களுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் பாறையில் நாங்கள், முதுகைத் திருப்பிக்கொண்டு. யாராவது வந்தால் நான் கிளி ஓட்டும் தட்டையைத் தட்ட வேண்டும், அவன் மயில்போல் அகவ வேண்டும். அவன் அகவினால் வாலை மிதித்த பூனைபோல் இருக்கும். "மயில் அப்படியா கத்தும்?" என்பேன். "நோய் வந்த மயில்" என்பான்.

என்ன பேசினோமா? எங்களுக்கு என்ன பேச்சு? பொய் சொல்லிப் பழகினோம். சிரிக்காதே, அது ஒரு வேலை. "குவளையின் அன்னை கேட்டால் என்ன சொல்வாய்?" என்று அவன் கேட்பான். "காந்தள் பறிக்கப் போனோம் என்பேன்." "பறித்த காந்தள் எங்கே?" "ஆடு தின்றுவிட்டது." "காந்தளை ஆடு தின்னுமா?" "எங்கள் ஊர் ஆடு தின்னும்." "அப்படியானால் ஆடு செத்திருக்குமே, செத்த ஆடு எங்கே?" இப்படியே போகும். தினை முற்றி அறுக்கிறவரைக்கும் போயிற்று. அவன் சொல்கிற பொய்யில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. நிறைய இருக்கும். பொய் சொல்லும்போது அவன் காது சிவந்துவிடும்.

மலை முழுவதற்கும் பொய் சொன்னோம். அன்னைக்கு, அண்ணன்மாருக்கு, பக்கத்துப் புனத்துக்காரிகளுக்கு. எங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்படி வாய்விட்டுப் பேசி வைத்துக்கொண்டோம் என்றில்லை. வேலைக்கு அது வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஊருக்குப் பொய் சொல்லும்போது அவர்களுக்கு நடுவில் உண்மை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கு எதைச் சொன்னோம் என்று தெரியாமல் மாட்டிக்கொள்வோம். வேறொன்றும் இல்லை.

பிறகு குவளை மெலிந்தாள், வளையல் கழன்று விழுந்தது. அந்த இடத்தில்தான் எல்லோரும் அழுவார்கள், இல்லையா? பெரிய அளவு வளையல் வாங்கி வந்தவள் நான். அவள்தான் கேட்டாள். "கழன்று விழுகிற மாதிரி வாங்கிவாடி" என்றாள். பெண்ணை முருகன் பிடித்துக்கொண்டான் என்று அன்னை பயந்து, சாமியாடுகிற வேலனை அழைத்தாள். அவன் இரவல் வாங்கிய சிவப்புத்துணியைக் கட்டிக்கொண்டு ஆடினான். ஓர் ஆட்டை அறுத்தார்கள். மெலிந்தவள் அந்தக் கறியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

என் அம்மாதான் குவளையை வளர்த்த செவிலி. அவள் என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "முருகனா, வேறு யாராவதா?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் வெள்ளத்தைச் சொன்னேன். குவளை அருவி வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனாள், ஆதன் குதித்துத் தூக்கி வந்தான், தொட்டு எடுத்தவனுக்கே கொடுப்பதுதான் முறை என்று. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்னைக்கும் கலங்கிவிட்டது. மணம் பேசிவிட்டார்கள். உன் பாட்டில் அதுதான் உச்சம் என்று கேள்விப்பட்டேன். அதைப் பாடும்போது உன் பெண்டாட்டி உடுக்கையை நிறுத்திவிடுவாளாமே.

அந்த வெள்ளம் நடந்ததுதான். விழுந்தவள் நான்.

பாறை வழுக்கிவிட்டது. குவளை அந்தப் பக்கம் இருந்தாள், அவளுக்குக் கேட்கவே இல்லை. கீரன் குதித்தான். அவனுக்கு நீந்தத் தெரியாது, பாணா! தெரியாதவன் எதற்குக் குதிக்கிறான்? அப்புறம் கேட்டேன். "தண்ணீருக்குள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது" என்றான். அவன் கைக்கு அகப்பட்டது என் தலைமயிர். அதைப் பிடித்து இழுத்தான். ஒரு மரவேரைப் பிடித்துக்கொண்டு, மாட்டைக் கயிற்றில் இழுப்பதுபோல் இழுத்தான். உன் பாட்டில் மார்பில் சாய்த்துக்கொண்டு வருகிறான். மயிரைப் பிடித்து இழுத்ததை எந்த ஊரில் பாடுவாய்? கரையில் உட்கார்ந்து, கை நிறைய என் மயிரை வைத்துக்கொண்டு அழுதான், "வலித்ததா, வலித்ததா" என்று. செத்துப் பிழைத்தவள் நான், அழுதவன் அவன்.

எனக்கு அந்த வெள்ளம் எதற்கு? குவளைக்குத் தேவைப்பட்டது, கொடுத்துவிட்டேன். கீரனும் தலையாட்டினான். "ஆதனுக்கு நன்றாக நீந்த வரும், நம்புவார்கள்" என்றான்.

மீன் வாசனையா? ஆமாம், வாளை. மீன்காரி அளவு தெரியாமல் போட்டுவிட்டாள். ஒருத்திக்கு அதிகம்தான். நீ மூக்கை அங்கே நீட்டாதே. கேள்.

எங்கள் கல்யாணத்தை நீ பாடவில்லை. பாட என்ன இருக்கிறது? குவளைக்குக் கல்யாணம் நடந்தது. புதுமணல் பரப்பி, உழுந்துக் களி கிண்டி, பிள்ளை பெற்ற பெண்கள் அவள் தலையில் நீரும் பூவும் நெல்லும் சொரிந்தார்கள். சமவெளியில் இருக்கிற ஆதன் ஊருக்கு அவள் புறப்பட வேண்டும். தனியாகப் போகமாட்டாள். கல்யாணமாகாத பெண்ணைக் கூட அனுப்ப அம்மாவுக்குச் சம்மதமில்லை. குவளை என்னைப் பார்த்தாள், கீரனைப் பார்த்தாள். "நீங்கள் இரண்டு பேரும் சும்மாதானே இருக்கிறீர்கள்" என்றாள்.

அதே பந்தல், அதே களி, ஆறிப்போனது. அவள் தலையிலிருந்து உதிர்ந்த நெல்லையும் பூவையும் கூட்டி அள்ளி எங்கள் தலையில் போட்டார்கள். ஒரு சிறு கல்லும் வந்து விழுந்தது. கீரன் அதை என் வகிட்டிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, "வலித்ததா?" என்றான். அவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும் போலிருக்கிறது. அப்படித்தான் கட்டிக்கொண்டோம். காதல் ஒன்றும் இல்லை. காதலைத்தான் நாங்கள் கூடவே இருந்து பார்த்தோமே, அது எப்படிக் கிள்ளும், எவ்வளவு கறி தின்னும் என்று.

இந்த ஊருக்கு வந்தோம். வயல், எருமை, சேறு, கொசு. ஆதன் கொஞ்ச காலம் வீட்டில் இருந்தான். அப்புறம் ஆற்றங்கரைப் பரத்தையர் தெருவுக்குப் போக ஆரம்பித்தான். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. யானையைத் தேடிக்கொண்டு வருகிறவன் இன்னொரு பரணைப் பார்த்தால் அங்கேயும் யானையைத் தேடுவான். குவளை அழுதாள், நான் தேற்றினேன். அவன் எங்கே போகிறான் என்று அவள் கேட்பாள். எனக்குத் தெரியாது என்பேன். உண்மையாகவே தெரியாது. கீரனைக் கேட்டேன். "எருமை பார்க்க வெளியூர் போகிறோம்" என்றான். தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னான், காதை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். அவனிடம் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. ஊரே குளிக்கப் போயிற்று. அன்று காலையும் "எருமை பார்க்கப் போகிறோம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். நான் மற்றப் பெண்களோடு ஆற்றங்கரைக்குப் போனேன். அங்கே நிற்கிறான் கீரன். ஒரு தோளில் ஆதனுடைய வேட்டி. இன்னொரு தோளில் ஒரு பெண்ணின் மெல்லிய துகில். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் சிலம்பு. அவளுடைய மாலை நனையக் கூடாதென்று தன் கழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறான். "சேந்தி, உன் வீட்டுக்காரன் துணி மாட்டுகிற கொம்புபோல எவ்வளவு நேராக நிற்கிறான் பார்" என்றாள் ஒருத்தி. "எங்கள் வீட்டிலும் ஒன்று நட வேண்டும், எந்தக் காட்டில் வெட்டினாய்?" என்றாள் இன்னொருத்தி. கரை முழுவதும் சிரிப்பு.

அது பரவாயில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும். நான் அவனிடம் போய், "ஆதன் எங்கே?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஆதன் இங்கே இல்லை" என்றான்.

அவனுக்குப் பின்னால் தெப்பத்தில் உட்கார்ந்து ஆதன் சிரிக்கிறான். ஆற்றுக்கு அந்தக் கரையில் மாடு மேய்க்கிறவனுக்குக் கேட்கும் அவன் சிரிப்பு. இவன் கையில் சிலம்பு ஆடுகிறது, காது இரண்டும் சிவந்து கிடக்கிறது. "ஆதன் இங்கே இல்லை, சேந்தி" என்கிறான், பெயரையும் சேர்த்து. எந்த யானை என்று கேட்டவன். ஊரில் யாரிடமும் ஒழுங்காகப் பொய் சொல்ல வராதவன். கடைசியில் முகத்துக்கு நேரே ஒரு பொய் சொன்னான், அதை என்னிடம் சொன்னான்.

என்ன? நண்பனுக்குச் செய்கிற கடமையா? நீயும் அதைச் சொல்லாதே. அவனும் சொன்னான். நானும்தான் ஒருத்திக்குக் கடமை செய்தேன். அவளுக்காக என் அம்மாவிடம் பொய் சொன்னேன். இவனிடம் சொன்னேனா?

இதை விடு. அடுத்ததைச் சொல்கிறேன், அதில் நீயும் இருக்கிறாய்.

ஆதனுக்கு அந்தப் பரத்தை வீடு சலித்துவிட்டது, அல்லது அவளுக்கு இவன் சலித்துவிட்டான். உன்னை அனுப்பினான். குவளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வாசலில் நின்று மறுத்துவிடு. நன்றாக மறு, சேந்தி. உன்னைப்போல் யாருக்கும் வராது" என்றாள். நான் நன்றாகத்தான் மறுத்தேன். நீ கேட்டாயே. அவன் மார்பில் இருக்கிற சந்தனம் எந்தத் தெருச் சந்தனம் என்றேன். எங்கள் மலைப் பெண்ணை உங்கள் சேற்றுக்குக் கொண்டுவந்து நட்டு, தண்ணீர் ஊற்ற மறந்தீர்கள் என்றேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் ஆதன் மட்டுமா தெரிந்தான்? கையில் சிலம்போடு ஒருவன் தெரிந்தான், அதனால் இன்னும் நன்றாக வந்தது. நீ எதிரே தலை குனிந்து நின்றாய். ஆனால் உன் கழுத்து அடிக்கடி எருமைக் கொட்டில் பக்கம் திரும்பியது. கொசு கடிக்கிறது என்று நினைத்தேன்.

தொண்டை வறண்டு உள்ளே போனால், ஆதன் உட்கார்ந்து சாப்பிடுகிறான்! கொட்டில் வழியாகக் கொல்லைப்புறம் வந்திருக்கிறான், குவளை கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். நான் முன்னால் திறக்காது, திறக்காது என்று கத்திக்கொண்டிருந்தபோதே. அவன் இலையில் மீன் வைத்துக்கொண்டே குவளை என்னைப் பார்த்து, "உனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்டி" என்றாள். வால் துண்டு.

நான் வீட்டுக்கு வந்து இந்தக் கதவைச் சாத்தினேன். கீரன் பின்னாலேயே வந்தான். "நீ இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். அன்றிலிருந்து ஆதன் வீட்டுக் கொட்டிலில் படுக்கிறான்.

அப்புறம் குவளை வந்தாள். "உனக்கென்னடி இவ்வளவு கோபம்? போனவன் என் வீட்டுக்காரன். உன்னுடையவன் துணிதானே பிடித்தான்?" என்றாள். எனக்குப் பதில் தெரியும். அவர்களுக்கு நடுவில் எப்போதும் ஒரு பொய் யானை இருந்தது, அது இல்லாமல் இருப்பது எப்படி என்றே அவளுக்குத் தெரியாது. எங்களுக்கு நடுவில் ஒன்றும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஒன்று மட்டும் கேட்டேன், வழக்கத்துக்காகத்தான். "அவன் யாரையாவது தூது அனுப்பினால் எனக்காக வாசலில் வந்து நில்லேன். நீ மறு, நான் உள்ளே இருக்கிறேன்" என்றேன். "ஐயோ, எனக்கு அதெல்லாம் வராதுடி, தொண்டை கட்டிவிடும்" என்றாள். பார்த்தாயா? இத்தனை வருடம் நான் அவளுக்காக நின்றேன். மறுப்பதற்கு ஒருத்தி இல்லாதவள் என்ன செய்வாள்? தானே வாசலில் நின்று மறுக்க வேண்டியதுதான். மறுக்கிற இடத்திலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி. நான் சொல்லி முடித்துவிட்டேன். நீயும் வெயிலில் வந்திருக்கிறாய். என்னதான் சொல்லி அனுப்பினான்? சொல். தாமரை கூடாது. நிலவும் கூடாது.

என்ன?

இன்னொரு முறை சொல்.

'ஆதன் அங்கேதான் இருந்தான். தெப்பத்தில் இருந்தான். எனக்குத் தெரியும்.'

அவ்வளவுதானா? நீ எதையும் விட்டுவிடவில்லையே? இதைச் சொல்ல ஒரு பாணனா! இதற்கு ஒரு யாழ்! உலகத்தில் எந்த ஆணாவது பெண்டாட்டியைச் சமாதானம் செய்ய இப்படி ஒன்றைச் சொல்லி அனுப்புவானா? ஊருக்கே தெரிந்ததை, நானே கண்ணால் பார்த்ததை, பெரிய செய்திபோல... மடையன். அந்த எறும்பு கடித்த நாளில் எப்படி இருந்தானோ அப்படியே இருக்கிறான்.

சொல்லும்போது அவன் காது எப்படி இருந்தது? நீ பார்க்கவில்லையா? உனக்கு வண்டையும் பூவையும்தான் பார்க்கத் தெரியும். நீ பார்த்தாயா அம்மா? சாதாரணமாக இருந்ததா? சிவக்கவில்லையே? நிச்சயமாக?

ம்.

ஏன் பாணா, உன் கழுத்து ஏன் என் வீட்டுக் கொல்லைப் பக்கம் திரும்புகிறது?

இரு. நாய் எங்கே? இவ்வளவு நேரம் இங்கேதானே குரைத்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் போயிருக்கிறது. போய்க் குரைக்கவும் இல்லை. வெட்கம் இல்லாத நாய். சோறு நான் போடுகிறேன், வாலை எங்கே போய் ஆட்டுகிறது பார்.

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும் இந்த வித்தை. இது அவனுக்கும் தெரியுமா என்ன? ஆதனைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பான். உருப்படியாக ஒன்றாவது கற்றுக்கொண்டானே. ஆனால் கொல்லைப் படல் கதவை உள்பக்கமாகக் கட்டி வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து அவிழ்க்க முடியாது. எட்டிக் குதிக்கலாம் என்றால் முள் போட்டிருக்கிறேன். அவன் குதித்தாலும் குதிப்பான். முள் இருப்பது குதித்த பிறகுதான் ஞாபகம் வரும் அவனுக்கு.

எழுந்து வா அம்மா. நீதான். உன் பெயர் என்ன? அல்லியா? நல்லது. இங்கே வா, அல்லி. படியில் ஏறு, பரவாயில்லை. இந்த இடத்தில் நில். ஒரு கையைக் கதவில் வைத்துக்கொள். இப்படி. முகத்தை இந்தப் பக்கம் திருப்பு, கொஞ்சம் கசப்பாக. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? அதையே சொல். போ, வராதே, இந்தக் கதவு திறக்காது என்று. அடுத்த தெருவில் குவளை வீட்டுக்குக் கேட்க வேண்டும். பாணா, நீ சும்மா நிற்காதே, கெஞ்சு. நீ கெஞ்சினால்தானே அவள் மறுக்க முடியும்.

எனக்குக் கொல்லையில் கொஞ்சம் வேலை இருக்கிறது. கொஞ்சம் நேரம் ஆகும், முடிச்சைக் கோபத்தில் இறுக்கிப் போட்டுவிட்டேன். நான் வருகிறவரைக்கும் நிறுத்தாதே, அல்லி. சத்தமாக. இன்னும் சத்தமாக. தொண்டை வறண்டாலும் பரவாயில்லை, உனக்கு மீன் எடுத்து வைக்கிறேன்.

வால் துண்டு இல்லை. நடுத்துண்டு.